முதலில் நட்பு, பிறகு நற்செய்தி: மைசூருவும் இலங்கையும்

மைசூரு அசோகா சாலையிலுள்ள புனித பிலோமினா பேராலயத்துக்கு நாள்தோறும் இளைஞர்கள் வருகிறார்கள். பலரும் கும்பிட வருவதில்லை, சுற்றிப் பார்க்க வருகிறார்கள். 175 அடி உயர இரட்டைக் கோபுரம் தெரியும்படி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி ஓவியங்களில் இறுதி இராவுணவையும் சிலுவைப்பாட்டையும் உயிர்ப்பையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நிலவறைக்கு இறங்கி, கண்ணாடிக்குள் படுத்த கோலத்தில் இருக்கும் பிலோமினாவின் சொரூபத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சான்றிதழில் ஏதோ ஒரு மதம் இருக்கும். வாழ்க்கையில் அதற்கு இடமிருக்காது. இவர்களிடம் கிறிஸ்துவைப் பற்றி எப்படிப் பேசுவது? இலங்கைத் திருச்சபைக்கும் இதே கவலைதான்.

சட்டம் இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே எல்லையைக் காட்டுகிறது. இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் 2022இல் மதமாற்றத் தடைச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டே புதிய அமைச்சரவை அதை நீக்க முடிவெடுத்தது. இலங்கை அரசமைப்பு வழிபடவும் போதிக்கவும் உரிமை தந்தாலும், பரப்பும் உரிமையைத் தரவில்லை என்று 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் தொடர்பான அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது. இப்படிப்பட்ட சட்டங்களைக் காட்டி ஜெபக்கூட்டங்களை மிரட்டுவது அநியாயம். ஆனால் வற்புறுத்திச் சொல்லும் நற்செய்தியை இளைஞர்கள் எந்தச் சட்டமும் இல்லாமலே ஒதுக்கிவிடுவார்கள் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் பலம் கலையும் தோழமையும். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், இயேசுவின் பாடுகளைத் திறந்தவெளி மேடையில் நடித்துக் காட்டியது. கத்தோலிக்கக் கூத்து மரபில் ஊறிய மண் அது. போர்க்காலத்திலும் மன்றம் நாடகம் போடுவதை விடவில்லை. அநியாயத் தீர்ப்பையும், மகனைப் பறிகொடுத்த தாயையும் மேடையில் பார்த்த யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. தெற்கே, 1976 முதல் 35 ஆண்டுகள் இலங்கை யூத் ஃபார் கிறைஸ்ட் இளைஞர் இயக்கத்தை நடத்திய அஜித் பெர்னாண்டோ, விளையாட்டு, இசை, நாடகம் வழியாக இளைஞர்களோடு பழகும் ஊழியத்தை வளர்த்தார். ஒருவரோடு நெடுநாள் கூடவே இருந்து, அவருக்காகக் கஷ்டப்படவும் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் எழுத்தெல்லாம் வலியுறுத்தும் கருத்து.

இந்தியாவின் பலம் கல்விக்கூடம். 1924இல் பிறந்த ஐக்கஃப் என்ற அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, கத்தோலிக்க மாணவர்களைச் சமூகப் பிரச்சினைகளின் பக்கம் திருப்பியது. 1954இல் உருவான யுஇஎஸ்ஐ என்ற நற்செய்தி மாணவர் அமைப்பு கல்லூரிதோறும் வேதபாடக் குழுக்களை வளர்த்தது. மைசூருவில் புனித பிலோமினா கல்லூரி 1946 முதல் நடக்கிறது. ஆனால் கிறிஸ்தவ மாணவர் கூட்டங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பக்கத்து பெஞ்சு நண்பன் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிப் போகும்வரை, தன் சந்தேகத்தைக் கேட்க ஓர் ஆள் அவனுக்குக் கிடைப்பதில்லை. இலங்கையின் கலையையும் தோழமையையும் நாம் கற்க வேண்டியது இங்கேதான்.

மைசூரு நாடகம் தெரிந்த ஊர். பி. வி. காரந்த் 1989இல் தொடங்கிய ரங்காயணம் நாடக அமைப்புக்கு இன்றும் இளம் பார்வையாளர்கள் உண்டு. கிறிஸ்துவின் பாடுகளை நல்ல கன்னட நாடகமாக்கினால் பார்க்க ஆள் வரும். பேராலயத்தின் கண்ணாடி ஓவியத்தடியில், அங்கே வரும் இளைஞர்களின் வயதையொத்த விசுவாசி ஒருவர் கேட்டவர்களுக்குக் கதை சொல்ல நிற்கலாம்.

பதில் நேர்மையாக இருக்க வேண்டும். “பிலோமினா உண்மையிலேயே வாழ்ந்தவரா?” என்று ஒரு மாணவி கேட்டால், வரலாற்றுச் சான்று போதாததால் 1961இல் வத்திக்கான் அவர் பெயரை வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து நீக்கியதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மக்களின் பக்தி இன்னும் தொடர்வதையும் சேர்த்தே சொல்லலாம். இதை மறைக்காதவர், அடுத்து உயிர்ப்பைப் பற்றிப் பேசினால் அவள் காது கொடுப்பாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் நம்பாமலும் போகலாம். அப்போதும் நட்பு குறையக் கூடாது. அந்த நட்புக்கு நிபந்தனை இல்லை என்று உறுதியான பிறகுதான், மனத்தில் கிடக்கும் உண்மையான கேள்வியை அவள் வெளியே எடுப்பாள்.