மற்போர்க் காட்சியும் நெடுநாள் இரசிகரும்

தொழில்முறை மற்போரைப் பற்றி ரோலான் பார்த் எழுதி, 1957இல் நூலில் இடம்பெற்ற கட்டுரை, அதனை விளையாட்டாகக் கொள்ளாது காட்சியாகவே கொண்டது. முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டதா என்பது பார்வையாளருக்கு ஒரு பொருட்டன்று என்பது அவர் கருத்து. இன்றைய நெடுநாள் இரசிகருக்கு இது பொருந்துமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

1989இல் டபிள்யூ. டபிள்யூ. எப். நிறுவனம், தன் நிகழ்ச்சிகள் கேளிக்கையே என நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தாரிடம் ஒப்புக்கொண்டது. அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதே நோக்கம். இரசிகர் விலகிச் செல்லவில்லை. பெருமாற்றம் 1997 நவம்பரில் மொன்றியலில் நேர்ந்தது. பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாத நிலையிலேயே, அவர் அறியாதவாறு, உரிமையாளர் வின்ஸ் மக்மான் மணியடிக்கச் செய்தார். அதன்பின் திரைமறைவுப் பூசலே கதைப்பொருளாயிற்று. மக்மானும் தீய முதலாளியாக வேடமேற்றார். 'வெல்பவர் யார்?' என்ற வினா 'இது கதையா, மெய்யா?' என மாறியது.

இதன் விலை 1999 மே மாதத்தில் புலனாயிற்று. பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், கேன்சஸ் சிட்டி அரங்கில் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதியன்று என வருணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சி நேயர்க்கு வலியுறுத்திக் கூற வேண்டியதாயிற்று.

2025இல் நெட்பிளிக்ஸ் தொடரொன்று கதை வகுக்கும் அறையையே காட்சியாக்கியது. முடிவு வகுக்கப்படுவதை நெடுநாள் இரசிகர் முன்பே அறிவர். அறிந்தும் கதைமாந்தரோடு ஒன்றிய பழைய ஈடுபாட்டையே அவர் இழந்தனர். மெய்த்துயரையும் ஐயுறப் பழகிய இப்பார்வையாளரைப் பார்த்தின் கோட்பாடு கருதவில்லை. இவ்விடத்தில் அது விரிவாக்கம் வேண்டி நிற்கிறது.