ஆயாம்மாவுக்குக் காய்ச்சல்

2020 ஏப்ரலில் மத்திய சமூகநீதி அமைச்சகம், டெல்லி எய்ம்ஸின் முதியோர் மருத்துவத் துறையோடு சேர்ந்து, வயதானவர்களுக்கு ஓர் அறிவுரைப் பட்டியல் வெளியிட்டது. செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. வீட்டிலேயே இருங்கள், கை கழுவுங்கள், விருந்தாளியைத் தவிருங்கள் வகையறா. முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. கைத்தடி, வாக்கர், வீல்சேர், பெட்பேன் எல்லாவற்றையும் அடிக்கடி துடைக்கச் சொல்கிறது. நியாயம். அடுத்து, காய்ச்சலோ இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் முதியவர் பக்கத்திலேயே போகாதீர்கள் என்கிறது. அதுவும் நியாயம்தான்.

ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுவான். 'பக்கத்தில் போகாதே' என்றால் அந்த அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகக்கூடாது. போகாத நாளின் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? மத்திய அரசா, மாநில அரசா, இல்லம் நடத்துகிறவரா, அமெரிக்காவிலிருந்து மாசாமாசம் பணம் அனுப்பும் பிள்ளையா? பட்டியலை மேலிருந்து கீழே எத்தனை தடவை படித்தாலும் பதில் இல்லை. பெட்பேனைத் துடைக்கச் சொன்ன அக்கறை, அதைத் துடைக்கிற கை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

நான் குடியிருக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் தொற்றுநோய்க்கும் பழைய சம்பந்தம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்ப அடித்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கின்றன. நெரிசலான பழைய டவுனைவிட்டுத் தள்ளி, அகலமான தெருவும் காற்றோட்டமுமாக இருக்கலாம் என்று எழுந்த பேட்டை இது. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் பெயரில் ரத்தினசபாபதிபுரம். வசதி உள்ளவர்கள் நோயிலிருந்து நாலு தெரு தள்ளி வந்துவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கிறவர்கள் மட்டும் பழைய டவுனிலிருந்து நடந்து வந்திருப்பார்கள்.

இப்போது டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற எந்தக் குறுக்குத் தெருவிலும் அதே கதைதான். பெரிய வீடு, ஒரு மாமரம், உள்ளே எண்பத்து சொச்சம் வயதில் ஒருவரோ இருவரோ. பிள்ளைகள் கடல் தாண்டி. காலை எட்டு மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு போகிற ஓர் அம்மா. அவருக்கு ஹோம் நர்ஸ், அட்டெண்டர், ஆயாம்மா என்று வீட்டுக்கொரு பெயர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயபர் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். சிலருக்குப் பகலில் ஒரு வீடு, ராத்திரியில் இன்னொரு வீடு. வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் போனால் முதியோர் இல்லங்கள். அங்கேயும் இதே அம்மாக்கள்தான்.

இவர்களில் ஒருவரிடம், கொரோனா சமயத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏனுங்க, ரெண்டு பாரசிட்டமால் போட்டுட்டு வந்துருவேனுங்க. லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் இல்லீங்க. நாலு நாள் சேர்ந்தாப்பல போட்டா வேற ஆளை வெச்சுருவாங்க."

வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்களே, அதில் காய்ச்சல் காட்டாதா? "மாத்திரை போட்டா காட்டாதுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

தொற்றுத் தடுப்பு என்ற பெயரில் அன்றைக்கு நம் இல்லங்களில் நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கேட்டுக்குப் பூட்டு. பெற்ற மகன் வந்தாலும் வெளியிலேயே நிற்கவேண்டும். கம்பிக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. காது கேட்காத அம்மாவிடம் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்திப் பேசிவிட்டு, பழப் பையைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவார். பழத்துக்கும் மருந்துத் தண்ணி தெளிப்பார்கள். மாதக்கணக்கில் இப்படி. ஆனால் மூன்று ஷிப்டுக்கும் ஊழியர்கள் பஸ் ஏறி வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வேறு வழியும் இல்லை. அன்பு வருகிற கதவைச் சாத்திவிட்டு, வைரஸ் வருகிற கதவில் ஒரு தெர்மாமீட்டரைக் காவலுக்கு வைத்திருந்தோம்.

அந்தத் தெர்மாமீட்டர் எவ்வளவு லாயக்கு என்பது 2020 வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 76 பேரைப் பரிசோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று. அந்த 48 பேரில் 27 பேருக்கு, சாம்பிள் எடுத்த அன்றைக்கு ஓர் அறிகுறியும் இல்லை. அந்த 27-ல் 24 பேர் அடுத்த சில நாட்களில் படுத்தார்கள். அதாவது காய்ச்சல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும்.

அதே பகுதியில் கிர்க்லாண்ட் என்ற ஊரின் இல்லம்தான் அமெரிக்காவில் முதலில் வெடித்தது. 2020 மார்ச் 9 வரையிலான கணக்கில் அந்த இல்லத்தோடு தொடர்புடையவர்கள் 129 பேருக்குத் தொற்று. அதில் 81 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 34 பேர் ஊழியர்கள், 14 பேர் பார்க்க வந்தவர்கள். இறந்தவர்கள் 23. பரவியதற்கான காரணங்களில் இரண்டை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தெளிவாக எழுதியது. ஊழியர்கள் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தார்கள். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். ஆர்.எஸ்.புரம் ஆயாம்மா சொன்னதும் இதையேதான். அவருக்கு ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் கணக்கே போட்டுப் பார்த்தார்கள். 'விவால்டி' என்று இசைமேதை பெயரில் ஓர் ஆய்வு, 2020 ஜூலையில் வந்தது. 5,126 இல்லங்கள் பதில் சொல்லியிருந்தன. உடம்பு முடியாமல் லீவு போடும் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த இல்லங்களில், அங்கே தங்கியிருந்த முதியவர்களுக்குத் தொற்று குறைவு. ஏஜென்சியிலிருந்து அடிக்கடி மாற்று ஆட்களைக் கூப்பிட்ட இல்லங்களில் தொற்று அதிகம். சம்பளத்தோடு லீவு கொடுத்தது ஊழியருக்கு, பிழைத்தது பாட்டி! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதை 2020 மார்ச் கடைசியிலேயே புரிந்துகொண்டு, ஓர் ஊழியர் ஓர் இல்லத்தில்தான் வேலை பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். அதனால் வருமானம் குறையக்கூடாது என்று சம்பளத்தையும் அரசே சரிக்கட்டியது.

உடனே 'வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதே இங்கிலாந்தில்தான் 2020 மார்ச், ஏப்ரலில் ஆஸ்பத்திரிப் படுக்கையைக் காலி பண்ணவேண்டும் என்று முதியவர்களைப் பரிசோதனையே இல்லாமல் இல்லங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தந்தைகளைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் பரவலாம் என்ற ஆபத்தை யோசிக்காமல் போட்ட அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. பட்ட பிறகு விழித்துக்கொண்டு, 2020 ஜூலையில் அவர்கள் வகுத்த பரிசோதனை முறையைக் கவனியுங்கள். முதியவருக்கு 28 நாளுக்கு ஒருமுறை, ஊழியருக்கு வாராவாரம். வெளியே போய் வருகிறவரை அடிக்கடி பார், உள்ளேயே இருக்கிறவரை எப்போதாவது பார். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

நம் பக்கம்? ஐ.சி.எம்.ஆர். 2020 செப்டம்பர் 4 அன்று கொடுத்த பரிசோதனைப் பட்டியலில் 65 வயது தாண்டியவர்களுக்கு இடம் இருந்தது. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தால், அல்லது தொற்று உள்ளவரோடு பழகியிருந்தால். நோயை முறியடிக்கும் பணியில் இருக்கிற முன்களப் பணியாளருக்கும் இடம் இருந்தது, அறிகுறி இருந்தால். இன்றைக்குத் தெம்பாக இருக்கிற, வைரஸோடு பஸ் ஏறுகிற ஆயாம்மா எந்தக் கதவு வழியாகப் போவார்? கேட்டவருக்குப் பரிசோதனை என்று இன்னொரு கதவும் திறந்தார்கள். அதற்குள் போகக் காசு வேண்டும்.

காசு என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் தனியார் லேபுக்கு வைத்த விலை, காப்பீடு இல்லாதவருக்கு 3,000 ரூபாய். பன்னிரண்டு ஊழியர்கள் உள்ள ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் 36,000. நாலு வாரத்துக்கு 1,44,000. நன்கொடையில் நடக்கிற இல்லத்துக்கு இது ஆகிற காரியமில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஐந்து பேர் வரை சாம்பிளைக் கலந்து ஒரே பரிசோதனையாகச் செய்யலாம் என்று 2020 ஏப்ரலிலேயே ஐ.சி.எம்.ஆர். சொல்லியிருந்தது. பன்னிரண்டு பேருக்கு மூன்று பரிசோதனை போதும். அதுவும், தொற்று குறைவாக உள்ள இடத்தில் அறிகுறி இல்லாதவர்களுக்கான யோசனை அது. முதியோர் இல்ல ஊழியரை மனதில் வைத்தே எழுதின மாதிரி இருக்கிறது!

தமிழ்நாடு அப்போது ஆர்டி-பிசிஆர் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று கௌரவமாக இருந்தது. அரை மணி நேரத்தில் பதில் சொல்லும் ஆன்டிஜென் பரிசோதனையில் தப்புப் போகும் என்பது காரணம். மாநிலக் கணக்குக்கு அது சரியான பிடிவாதம். முதியோர் இல்லத்து வாசலுக்கு? துல்லியமான பதில் இரண்டு நாள் கழித்து வந்தால், அந்த இரண்டு நாளும் ஆயாம்மா ஊட்டிக்கொண்டுதான் இருப்பார். கொஞ்சம் குறை உள்ள பதிலானாலும் வாசலிலேயே, அடிக்கடி கிடைப்பது அந்த இடத்துக்கு உபயோகம். அரசாங்கப் பரிசோதனை இலவசமாகக் கிடைத்தது, காய்ச்சல் முகாம்கள் நிறைய நடந்தன, எல்லாம் உண்மை. பாராட்டவேண்டிய விஷயம். ஆனால் முகாம் என்பது காய்ச்சல் வந்தவருக்கு.

இன்னொரு பக்கக் கணக்கையும் போடுவோம். ஆயாம்மாவுக்கு நாள் கூலி 600 என்று வையுங்கள். பதினாலு நாள் சம்பளத்தோடு 'வீட்டில் படும்மா' என்று சொன்னால் 8,400 ரூபாய். அந்த விலையில் மூன்று பரிசோதனைக்குக்கூட வராது. தொற்றுத் தடுப்பில் ஆக மலிவான சரக்கு இதுதான். இதை வாங்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பார்கள். தூங்கிக்கொண்டே இருப்பார்கள். நேற்று வரை தெரிந்த ஆளை யாரென்று கேட்பார்கள். நடந்துகொண்டிருந்தவர் விழுந்துவிடுவார். எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. 'பெரியம்மா காலைல காபி வேண்டாமுன்ட்டாங்க, என்னமோ சரியில்லீங்க' என்று சொல்கிற ஆள்தான் பிடிப்பார். அதற்கு அந்தப் பெரியம்மா தினமும் எவ்வளவு காபி குடிப்பார் என்று தெரிந்திருக்கவேண்டும். நோயைக் கொண்டுவரக் கூடியவரும் ஆயாம்மாதான், முதலில் கண்டுபிடிக்கக் கூடியவரும் அவர்தான். ஏஜென்சி மாதத்துக்கு ஓர் ஆளை மாற்றினால் இரண்டாவது லாபம் போய்விடுகிறது, முதல் ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது.

2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. அப்போது தினமும் மாலையில் வந்த சுகாதாரத் துறை அறிக்கையை நான் விடாமல் பார்ப்பேன். வயதுக்கு மூன்று கட்டம்: 12 வரை, 13 முதல் 60 வரை, 60-க்கு மேல். இறந்தவர் ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அரசு ஆஸ்பத்திரியா தனியாரா, எல்லாம் இருக்கும். அவர் முதியோர் இல்லத்திலிருந்து வந்தாரா என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது. லெட்ஜரில் தலைப்பே இல்லாத செலவு, ஆடிட்டில் எப்படி வரும்?

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் என்றார்கள். ஆனால் அடையாள அட்டை வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுப்போன, தெருவிலிருந்து மீட்கப்பட்ட பாட்டிக்கு ஆதாருக்கு எங்கே போக? அட்டை இல்லாத இல்லவாசிகளுக்கும் போடலாம் என்று நடைமுறை வந்தது மே 6-ல். இரண்டாவது அலை அதற்குள் பாதி ஊரைச் சுற்றிவிட்டது.

சட்டமாவது இருக்கிறதா என்றால், 2007-ம் வருஷச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் இல்லம் கட்டலாம் என்கிறது. முதியோர் இல்லங்களும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் பதிவு செய்யவேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மக்களவைக்கு வந்தது. கொரோனாவுக்கு மூன்று மாதம் முன்னால்! நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கை வந்தது, 2024-ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி ஆனது. இவ்வளவு பெரிய பாடம் நடுவில் நடந்தும் நிறைவேற்ற நேரம் கிடைக்கவில்லை.

இப்போது கோவையை ஓய்வுக்கால நகரம் என்று விற்கிறார்கள். சிறுவாணித் தண்ணீர், குளுகுளு காற்று, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. இந்த புரோஷர்களை வாங்கிப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வளாகத்துக்குள் கோயில், நடைபாதை, ஆம்புலன்ஸ், மூலைக்கு மூலை கேமரா, குளியலறையில் கைப்பிடி வரை போட்டிருப்பார்கள். ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஏற்பாடு என்று ஒரு வரிகூட நான் படித்ததில்லை. கொரோனா போய்விட்டது என்பீர்கள். ஃப்ளூ போகவில்லை, வயிற்றுப்போக்கு போகவில்லை, படுக்கைக்குப் படுக்கை தாவும் சொறிசிரங்கு போகவில்லை. எல்லாம் அதே பஸ்ஸில்தான் வருகின்றன.

அம்மாவையோ அப்பாவையோ சேர்ப்பதற்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் ரூமையும் சாப்பாட்டையும் பார்த்தபிறகு, மேனேஜரிடம் இந்த நாலையும் கேளுங்கள். உங்கள் ஊழியருக்கு உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு உண்டா? அவர் இங்கே மட்டும் வேலை பார்க்கிறாரா, இன்னோர் இடத்திலும் பார்க்கிறாரா? வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி முதியவருக்கு மட்டுமா, அவருக்கும் சேர்த்தா? ஒருவருக்குத் தொற்று என்றால் தனியாக வைக்க ஓர் அறை காலியாக இருக்கிறதா? வீட்டுக்கு ஏஜென்சி ஆள் வைத்திருப்பவர்கள் முதல் கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் கூகுள் பே செய்யும்போது, அவர் வராத நாளைக் கழிக்கிறீர்களா?