அனாமத்துக் கணக்கு

சில வருஷங்களாக எழுத்தாளர்கள் சந்தித்துக்கொள்ளும்போது ஒரு புகார் தவறாமல் எழுகிறது. படிக்க முடியவில்லை, வருவது ஜாஸ்தியாகிவிட்டது. புத்தகங்கள், பத்திரிகைகள், வாட்ஸாப் குழுக்கள், யூடியூப் உரைகள், யாரோ அனுப்பும் பி.டி.எஃப்.கள். எதைத் தொடுவது, எதை விடுவது என்று திகைத்து, கடைசியில் ஒன்றையும் முழுசாகப் படிக்காமல் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அதில் ஒரு சௌகரியம் இருப்பதையும் கவனித்திருக்கிறேன். குற்றவாளி எங்கோ வெளியே இருக்கிறான், நாம் பாதிக்கப்பட்டவர்கள். இந்தச் சௌகரியத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

புகாருக்கு இலக்கிய அந்தஸ்து வேண்டியிருக்கும்போது எலியட் அழைக்கப்படுகிறார். 1934ல் அவர் எழுதிய 'தி ராக்' நாடகத்தில், தகவலில் அறிவும் அறிவில் ஞானமும் தொலைந்துபோவதைப் பற்றிய கோரஸ் வரிகள் வருகின்றன. இவ்வரிகள் எத்தனையோ பேரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அனுப்பியவர்களில் நாடகத்தைப் படித்தவர் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. தகவல் பெருக்கத்தைப் பற்றிய விசனமும் இன்னொரு தகவலாகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருக்கும்போதே, 1922ல், ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'தி கிரைடீரியன்'. அளவுகோல் என்று அர்த்தம். விசனப்பட்ட எலியட்டை வைத்துக்கொண்டு அளவுகோல் கேட்ட எலியட்டை விட்டுவிட்டோம். விசனத்துக்கு உழைப்பு தேவையில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஹெர்பர்ட் சைமன் 1971லேயே இதைப் பொருளாதார பாஷையில் சொன்னார். தகவல் தின்பது அதைப் பெறுகிறவனின் கவனத்தை. ஆகவே தகவல் செழித்தால் கவனத்துக்குப் பஞ்சம் வரும். இது சரி. ஆனால் பின்னால் வந்த திறமை வளர்ப்பு நூல்கள் இதை ஒரு ரேஷன் விவகாரமாக்கிவிட்டன. பட்டியல் போடு, மணியடிப்பதை நிறுத்து, நாளைக் கால்மணி நேரங்களாக நறுக்கு. நானும் மணியை நிறுத்திப் பார்த்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. குவியல் அப்படியே இருந்தது. கவனம் மிச்சப்பட்டதால் எனக்கு எதையும் தீர்மானிக்க வந்துவிடவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது நான் வேலை பார்க்கும் கிளைதான். வங்கியில் தினமும் கணக்கு முடிந்தாக வேண்டும். ஒரு தொகை வந்திருக்கிறது. யாருடையது, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அதற்காக அன்றைய கணக்கைத் திறந்து வைத்திருக்க முடியாது. அதைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் எழுதி நாளை மூடுகிறோம். உபயோகமான ஏற்பாடு. ஆனால் ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்கும் விஷயங்களில் ஒன்று இதுதான். எந்தத் தேதியில் எழுதியது, ஏன் இன்னும் நிற்கிறது, யார் பொறுப்பு? தொகை சின்னதா பெரியதா என்பதைக் காட்டிலும் அதன் வயசுதான் அவரை உறுத்தும். பதிவு பழசாகப் பழசாக அதன் காரணம் தெரிந்தவர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். கையாடல்கள் ஒளிந்துகொள்ள வசதியான இடமும் அதுவே.

நம் படிப்பு பூராவும் அனாமத்துக் கணக்காகிவிட்டது என்று நினைக்கிறேன். 'பிறகு படிக்கலாம்' என்று சேமித்து வைக்கும் ஒவ்வொன்றும் தலைப்பிடாத ஒரு பதிவு. படிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம்மை அழுத்துவது வந்தவற்றின் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்கிறோம். என் வரையில், சொல்லாமல் தள்ளிப்போட்ட தீர்ப்புகள்தான் அழுத்துகின்றன. ஒருவன் நூறு புத்தகங்களை நிராகரித்துவிட்டு லேசாக இருக்க முடியும். பத்துப் புத்தகங்களைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்படி இருக்க முடியாது.

இங்கே ஒளிந்திருந்த என் கையாடல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நண்பர் தம் முதல் கவிதைத் தொகுப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பினார். அறுபத்து நாலு கவிதைகள். இரண்டைப் படித்தேன், பிறகு என்று வைத்தேன். கட்டை விரல் உயர்த்திய படம் ஒன்றையும் அனுப்பினேன். மூன்று மாசம் கழித்து போனில் கேட்டார்: "படிச்சீங்களா?" "படிச்சேன். நல்லா வந்திருக்கு" என்றேன். புத்தகம் வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி, 'கூர்ந்து படித்ததற்காக'. அந்த நன்றியைப் பார்த்த பிறகுதான், வெட்கத்தில், முழுத் தொகுப்பையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்தேன். ஒன்பது கவிதைகள் நிற்கும். மற்றவை அந்த ஒன்பதுக்கான பயிற்சிகள். அவற்றை விட்டுவிட்டு இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம். நேரில் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குத் தகவல் அதிகம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? வேண்டியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மிகுதியை எதிர்கொள்ளத் தெரியாத மரபல்ல நம்முடையது. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே 'தொகை' இருக்கிறது. சிதறிக் கிடந்த பாட்டுகளிலிருந்து ஓரிரு விலக்குகள் தவிர நாலிலிருந்து எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகை ஆயின; ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நற்றிணை; பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று அகநானூறு. இது புலவர்களின் மேதைமையைப் பற்றிய செய்தியல்ல. தொகுத்தவன் ஒரு கோடு கிழித்திருக்கிறான். கோட்டுக்கு வெளியே நின்றவை என்னவாயின என்று நமக்குத் தெரியாது. அவற்றில் நல்ல பாட்டுகளும் இருந்திருக்கலாம். அந்தப் பழியை ஏற்றுக்கொண்டுதான் அவன் தொகுத்திருக்க வேண்டும். தொகுப்பது ஒரு விமர்சனச் செயல் என்று நான் சொல்வது இதனால்தான். எதையும் இழக்கச் சம்மதிக்காதவன் சேர்த்து வைக்கலாம், தொகுக்க முடியாது.

சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' ஆரம்பித்தபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று அறிவித்துக்கொண்டார். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூடப் போகாத பத்திரிகைக்கு இது எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. யாருக்காக நடத்துகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்ட ஒருவர் அதில் தெரிகிறார். இன்றைக்கு ஒரு கவிதையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காசில்லாமல் அனுப்பலாம். அதனாலேயே யாருக்கு என்ற கேள்வி எழாமல் போகிறது. கேள்வி எழாமல் அனுப்பப்பட்டதைத் தீர்ப்பில்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே சோம்பல்.

நிவர்த்தி என்று பெரிதாக எதுவும் என்னிடமில்லை. வருவதற்கெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். ஒரு மாசத்துக்குள் படிக்க வேண்டும், இல்லையென்றால் படிக்கவில்லை, படிக்கப்போவதுமில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிட வேண்டும். இதனால் தவறுகள் நேரும். நல்ல புத்தகம் ஒன்று என் கையைவிட்டுப் போகும், ஒருவேளை போயிருக்கும். இதுவரை ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் 'நல்லா வந்திருக்கு' என்று படிக்காமல் சொல்லும் அவசியம் வரவில்லை.

இப்பத்திரிகை ஆசிரியர் விமர்சனத்துக்காக நாலு புத்தகங்கள் அனுப்பியிருந்தார். மூன்றை இக்கட்டுரையோடு திருப்பி அனுப்புகிறேன். நாலாவதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.