குதிரையின் நடை

எங்கள் ஆர்.கே.பேட்டையில் விசை என்றால் அது தறிதான். கரண்டு வந்தால் தெரு முழுக்க ஓடும், போனால் தெரு முழுக்க நிற்கும். அதனால் சின்ன வயதில் செய்தித்தாளில் ‘விசையை அழுத்தினான்’ என்று படித்தபோது, சுடுகிறவன் எதற்குத் தறியைப் போடுகிறான் என்று குழம்பியிருக்கிறேன். பழைய பேச்சில் துப்பாக்கியின் அந்த உறுப்புக்குக் குதிரை என்று பெயர். வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டையும் குதிரைதான். இரண்டுமே முறுக்கேறி நிற்கும் ஒன்றைத் தாங்குகிறவை. வீணைக் குதிரை விடாமல் தாங்குகிறது, துப்பாக்கிக் குதிரை விரல் சொன்னதும் விட்டுவிடுகிறது. சென்னையில் நான் போகும் கிளப்பில் எல்லாரும் டிரிகர் என்பார்கள், நானும் அப்படியேதான் சொல்கிறேன். எழுதும்போது மட்டும் குதிரை என்று எழுத ஆசை. ஏனென்றால் அதற்கு நடை உண்டு.

போன வருஷம் என் .22 பிஸ்டலுக்கு டிரிகர் மாற்றினேன். 25 மீட்டர் போட்டிக்கான செமி ஆட்டோமேட்டிக் அது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “எவ்வளவு லேசாச்சு?” ஒரு கிராம்கூட ஆகவில்லை. ஆகவும் கூடாது. 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச டிரிகர் எடை 1000 கிராம் என்று சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதி இருக்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்கு மட்டும் வரம்பு இல்லை.

அந்த எடை பார்க்கும் சடங்கை ஒருமுறையாவது கிட்டே நின்று பார்க்க வேண்டும். குழல் வானத்தைப் பார்க்கப் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, மேசைமேல் இருக்கும் எடைக்கல்லைக் குதிரையில் மாட்டி மெல்லத் தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்கினால் தேறியது. அதற்குள் ‘டிக்’ என்று விழுந்துவிட்டால் மறுபடி. மொத்தம் மூன்று வாய்ப்பு. பதினைந்து வருஷம் போட்டியில் ஆடிய ஆளும் அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லையே பார்ப்பார்.

லேசு மோகம் ஒரு காலத்தில் விதிக்குள்ளேயே இருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் .22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா, விரல் பட்டாலே விழும் டிரிகர். அதற்குப் பிறகு விதியைத் திருத்தி, .22 லாங் ரைஃபிள் தோட்டா, 1000 கிராம் டிரிகர் என்று கட்டிவிட்டார்கள். எனக்கு அது நல்ல காரியமாகவே படுகிறது. லேசாக்குவதற்கு எல்லை போட்டபின்தான் நயமாக்குவது கலையானது.

எடை வேறு, நயம் வேறு. இதை நெசவுக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். 840 கஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுவே நூலின் நெம்பர். அறுபதாம் நெம்பர் என்றால் அறுபது சிட்டம். அந்த அறுபதிலேயே இரண்டு மில் நூலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடவிட்டுப் பாருங்கள். எடை ஒன்று, நெம்பர் ஒன்று. ஒன்று எண்ணெய் பூசியதுபோல் போகும். மற்றது முண்டும் முடிச்சுமாக விரலை நிறுத்தி நிறுத்திப் போகும். என் பழைய டிரிகர் அந்த இரண்டாவது ரகம். ஆயிரம் கிராம்தான், ஆனால் ஆயிரத்துக்குள் மணல் இருந்தது.

குதிரையின் நடையை நான்காகப் பிரிக்கலாம். முதலில் தளர்நடை: விரல் வைத்ததும் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் எதிர்த்துக் குதிரை பின்னால் வரும். பிறகு ஒரு சுவர். அங்கே நின்றுவிடும். இரண்டு கட்ட டிரிகரில் ஆயிரம் கிராமில் பெரும் பங்கைத் தளர்நடையிலேயே வாங்கிக்கொண்டு, சுவரில் மிச்சத்தை மட்டும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு விடுதல். சுத்தியலைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சிறு கொக்கியைச் சியர் என்பார்கள். சியரும் சுத்தியலும் பற்றியிருக்கும் இடம் அரை மில்லிமீட்டர் அளவுக்குள் இருக்கும். அந்த அரை மில்லிமீட்டரை விரல் எப்படிக் கடக்கிறது என்பதில்தான் மொத்த நயமும் இருக்கிறது. மட்டமான டிரிகரில் அது ஊர்ந்து கடக்கும். ஒரு சொரசொரப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சொரசொரப்பு. ‘இப்போதா, இப்போதா’ என்று விரல் கேட்டுக்கொண்டே போகும். நல்ல டிரிகரில் சுவருக்கும் விடுதலுக்கும் நடுவே நடையே தெரியாது. நின்ற இடத்திலேயே காரியம் முடிந்திருக்கும். நான்காவது, விட்ட பிறகு குதிரை மேலும் எவ்வளவு பின்னால் ஓடுகிறது என்பது. குண்டு குழலுக்குள் இருக்கும்போதே விரல் திடீரென்று காலியான இடத்தில் விழுந்தால் கை குலுங்கும். அதனால் அங்கே ஒரு தடுப்பு.

இந்தக் குலுக்கல் எவ்வளவு செலவு வைக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 25 மீட்டரில். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். நிதானச் சுற்றின் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவே 5 சென்டிமீட்டர்தான். அதாவது 0.2 மில்லிமீட்டர் அசைந்தால் நடுமையத்தில் விழ வேண்டியது பத்தின் ஓரத்தில் தொங்கும். 0.2 மில்லிமீட்டர் என்பது இருபதாம் நெம்பர் பருத்தி நூலின் தடிமன். எங்கள் ஊர் மொழியில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. (தச்சர்கள் ‘ஒரு நூல்’ என்பது வேறு கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிமீட்டருக்கு மேல். அந்த நூல் விலகினால் குண்டு இலக்குப் பலகையில் எங்கே போகும் என்று நான் சொல்லப் போவதில்லை.)

செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு நயம் உண்டு. அது திரும்பும் வழியில் இருக்கிறது. சுட்டதும் வெடிப்பின் வேகமே உள்ளே உள்ள பாகத்தைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலை மறுபடி நிமிர்த்தி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விரல் இன்னும் அழுத்தியபடியே இருக்கும். ஆனால் இரண்டாவது குண்டு போகாது. நடுவில் ஒரு சின்னத் துண்டு விரலுக்கும் சியருக்கும் உள்ள தொடர்பை வெட்டி வைத்திருக்கும். விரலை முன்னால் விடும்போது ஓர் இடத்தில் ‘டிக்’ என்று அந்தத் தொடர்பு திரும்பச் சேரும். காதில் கேட்பதைவிட விரல் நுனியில்தான் அது அதிகம் தெரியும். நல்ல டிரிகரில் அந்த டிக் கிட்டத்திலும் தெளிவாகவும் வரும். ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குக்கு ஐந்து குண்டு, முதலில் 8 வினாடி, அப்புறம் 6, கடைசியில் 4. நாலு வினாடிக்குள் ஐந்து முறை விரலை முழுக்க எடுத்து வைக்க யாருக்கு நேரம்? டிக் வரை விடு, மறுபடி அழுத்து. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற போட்டி இது. அன்று எல்லாரும் இலக்கில் விளக்கு எரிவதைப் பார்த்தார்கள். எனக்கு அந்த விரலைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

விரலுக்கும் சுத்தியலுக்கும் நடுவே எத்தனை கைமாறல் என்பதும் நயத்தைத் தீர்மானிக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற பிஸ்டலில் குதிரை அச்சில் சுழலாது, நேராகப் பின்னால் சறுக்கும். மேகசினைச் சுற்றி வளைத்துப் போகும் ஒரு தகட்டு வளையம் நேரே சியர் பக்கம் போய்த் தள்ளும். வழி குறுகியது. அவர் தொடங்கி, 1926-இல் அவர் இறந்தபின் டியூடொனே செவ் முடித்து 1935-இல் வந்த ஹை பவர் பிஸ்டலில் வழி சுற்று வழி. குதிரை ஒரு தண்டை மேலே தூக்கும், அது மேலுள்ள சறுக்குப் பாகத்தில் இருக்கும் ஒரு நெம்பை இடிக்கும், அந்த நெம்பு பின்னால் போய்ச் சியரை அழுத்தும். போதாததற்கு, மேகசின் இல்லாதபோது சுடக்கூடாது என்று பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்காக வைத்த ஒரு முளை, ஒவ்வொரு அழுத்தலிலும் மேகசினின் முகத்தில் உரசிக்கொண்டே போகும். ஹை பவரின் மணல் அங்கிருந்து வருகிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்து நம் ராணுவத்திலும் போலீசிலும் வெகுகாலம் இருந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஹை பவரின் வழிவந்ததுதான். அதைக் குறை சொல்லமாட்டேன். இடுப்பு உறையில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு ஒருநாள் தவறாமல் வேலை செய்ய வேண்டியது அது. பார்தினி போன்ற போட்டிப் பிஸ்டல்களிலோ மேகசினையே குதிரைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். விரலுக்கும் சியருக்கும் நடுவே குறுக்கே நிற்க ஆளில்லை.

என் டிரிகரை மாற்றியவர் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக். 1959-இன் ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். மொட்டை மாடியில் வீடியோ பார்த்துக்கொண்டு அரம் எடுத்து உரச இது சைக்கிள் பிரேக் இல்லை. சியரின் பற்று கொஞ்சம் அதிகமாகக் குறைந்துவிட்டால், தோட்டா ஏறும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் நழுவி, யாரும் தொடாமல் குண்டு போகும். அவர் நகை ஆசாரி போலக் கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு சியர், சுத்தியல் இரண்டின் முகங்களையும் பார்த்தார். மாற்றி முடித்து எடைக்கல்லை மாட்டினார். தொங்கியது. மறுபடி மாட்டினார். ஐந்தாறு முறை. மூன்று போதுமே என்றேன். “விதிக்கு மூணு, எனக்கு ஆறு” என்றார்.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புது டிரிகரோடு சுட்ட முதல் இரண்டு வாரம் என் ஸ்கோர் இறங்கியது. பழைய குதிரையில் மணல் இருந்ததால், குண்டு இடப்பக்கம் கீழே போனால் பழியை அதன்மேல் போட்டுவிடுவேன். இதில் பழிபோட எதுவும் இல்லை. விழப்போகிறது என்று விரலுக்கு முன்னாடியே தெரிந்து மணிக்கட்டு ஒரு மயிரளவு கீழே குனிகிறது. அது அப்படியே தாளில் அச்சாகி வந்தது. எப்போது விழும் என்று நமக்கே தெரியாமல் அழுத்திக்கொண்டு போ என்பார்கள். சுத்தமான சுவர் இருந்தால்தான் அந்தப் பாடத்தையே படிக்க முடியும். இத்தனை வருஷம் அந்தப் பாடத்தைப் படித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருத்தணி ரோடு முழுக்கக் காவடி. .22 கிளப்பில் இருக்க, பழகுவதற்கு ஏர் பிஸ்டலை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். அதிலும் நல்ல டிரிகர்தான், 500 கிராம். குண்டும் காற்றும் இல்லாமல் வெறும் டிரிகரை மட்டும் விழவைத்துப் பழக அதில் ஒரு வசதி உண்டு. தினமும் சுவரைப் பார்த்து ஐம்பது முறை. பெரியப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

“இன்னாடா அது, சுவத்தப் பாத்து நின்னுக்கினு?”

காலி என்று இரண்டு முறை திறந்து காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திருப்பிக் கையில் கொடுத்தேன். ஐம்பது வருஷமாக அறுந்த நூலைக் கண் திறக்காமலே முடிச்சுப் போடும் விரல். குதிரையில் வைத்தார். தளர்நடையில் வந்தது. சுவரில் நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், நின்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பழக ஆறு மாசம் ஆனது. அழுத்தினார். டிக். மறுபடி கேட்டு வாங்கி அழுத்தினார்.

“கண்ணாடிக் குச்சி ஒடியற மாதிரி இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நான் நூல் அறுபடற மாதிரின்னு சொல்லுவேன்” என்றேன்.

“இல்லடா. அத்துப்போற மாதிரி இல்ல. அத்துப்போச்சுன்னா கைல ஒரு உதறல் வரும். இது அவுந்துக்கற மாதிரி இருக்குது.”

எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன், இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. அறுபடும் நூல் அந்தக் கடைசி நொடி வரை இழுத்து, பிறகு கையை உதறும். சுருக்கு முடிச்சில் நுனியைத் தொட்டால் இழுப்பே இல்லாமல் விலகிக்கொள்ளும். நான் இரண்டு வாரம் தாளில் வாங்கிய அந்த இடப்பக்கக் கீழ்க் குண்டுகளெல்லாம், அவிழ வேண்டியதை அறுக்கப் பார்த்ததால் வந்தவை.

பெரியப்பா போய்த் தறியைப் போட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அதன் ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின் ஓரத்தில் மூன்று பல்லோடு ஒரு சின்ன முள். ஊடை நூல் குறுக்கே இருக்கும்வரை அந்த நூலே முள்ளைச் சாய்த்து வைத்திருக்கும். அந்தப் பக்கம் ஆடும் சுத்தியல் அதைத் தொடாமல் போய் வரும். ஊடை இல்லையென்றால் முள் சாயாது. அதன் கொக்கி சுத்தியலில் மாட்டி, கைப்பிடியைத் தட்டிவிட்டு, தறியை நிறுத்தும். இங்கும் கொக்கி, இங்கும் சுத்தியல். அத்தனை இரும்பின் ஓட்டமும் ஒற்றை நூல் படுத்திருப்பதை நம்பி நடக்கிறது. சிறு வயதிலிருந்து பார்த்த பொருள். ஒருநாளும் பார்த்ததில்லை.

நாடாவில் ஊடை சுற்றிய தார் தீர்ந்தது. முள் நிமிர்ந்தது, ‘டக்’, தறி நின்றது. பெரியப்பா புதுத் தாரை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“அந்தக் குதிரைக்கு எவ்ளோ ஆச்சு?”

பாதி விலைதான் சொன்னேன்.

“அதுக்கு நம்ம தறிக்கு மோட்டாரே மாத்தியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைத் தள்ளினார்.