நகர ஓசையும் இருவர் இசையும்

நகரத்து இரைச்சலை இசைக்குப் பகையென்று கொள்வதே நம்மிடையே வழக்கம். அவ்விரைச்சலின் நடுவே இசைக்கு என்ன வேலை என்னும் வினாவுக்கு மேலைநாட்டார் இருவர் தந்த விடைகள் எதிரெதிரானவை.

ஆங்கிலேயரான பிரையன் ஈனோ 1978-இல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். கொலோன் விமான நிலையத்தில் காத்திருந்தபோது பிறந்த எண்ணமாம் அது. அதில் ஒரு பகுதியில் பெண்குரல்கள் நீட்டிப் பாடிய ஒற்றைச் சுரங்கள், வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களில் ஓயாது சுழல்கின்றன. நீளங்கள் ஒத்துப்போகாமையால் சுரங்கள் ஒருமுறை கூடியவாறே மறுமுறை கூடுவது அரிது. தாளம் இல்லை. செவி கொடுப்பினும் சரி, கொடாதிருப்பினும் சரி என்பதே அவர் நோக்கம். அறிவிப்புகளுக்கு வழிவிட்டு ஒலிக்கும் அப்பணிவு பாராட்டத்தக்கது. ஆயினும் நகரம் அந்த இசைக்கு வெளியேதான் நிற்கிறது. சாளரத்துக்குத் திரையிட்டாற்போன்ற அமைதி அது.

நியூயார்க்கில் பிறந்த ஸ்டீவ் ரைஷ் அத்திரையை விலக்குகிறார். 1995-இல் வந்த அவரது 'நகர வாழ்க்கை' ஐந்து பகுதிகள் கொண்டது. தெரு வணிகரின் குரல், கார் ஹாரன், கதவை அறையும் ஓசை, கட்டடத்துக்குத் தூண் இறக்கும் எந்திரத்தின் இடி ஆகியவற்றைப் பதிவு செய்து விசைப்பலகைகளில் ஏற்றினார். மேடையில் கலைஞர் விசையை அழுத்த ஹாரன் பிளிறுகிறது. குழலும் வயலினும் அதனோடு இழைகின்றன. பேச்சின் ஏற்ற இறக்கமே பண்ணாகிறது. காய்கறிக்காரர் கூவலின் இழுப்பைக் கேட்டே ஆளை அடையாளம் சொல்லும் நம் இல்லத்தரசியருக்கு இது புதுமையன்று!

இதயத் துடிப்பையும் படகுகளையும் கொண்டமைந்த நான்காம் பகுதி நமக்குச் சற்றுத் தளர்வாகவே தோன்றுகிறது. ஐந்தாம் பகுதி அவ்வாறன்று. 1993 பிப்ரவரி 26 அன்று உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்து அறுவர் மாண்டனர். அன்று தீயணைப்பு வீரர்கள் வானொலிக் கருவிகளில் பரிமாறிக்கொண்ட சொற்களே இதன் கருப்பொருள். பிறர் துயரை இசைக்குக் கருவியாக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும், நியாயமான வினாவே. ஆனால் ரைஷ் இரங்கற்பா எதுவும் பாடவில்லை. அடர்புகையைப் பற்றிக் கூறும் அக்குரல்களை நரம்புக் கருவிகள் அடியொற்றிச் செல்கின்றன, அவற்றை மூழ்கடிப்பதில்லை. ஈனோவின் தட்டை ஒலிக்கவிட்டு நாம் வேறு வேலை பார்க்க இயலும். இப்பகுதி ஒலிக்கையில் கையிலுள்ள வேலை தானே நின்றுவிடுகிறது.