யார் பாடினால் அழுகை வருகிறது?

தமிழ் சினிமாப் பாட்டு கேட்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. சோகத்துக்கு யார் குரல்? மூத்த தலைமுறைக்கு டி.எம்.எஸ்.ஸா பி.பி.ஸ்ரீனிவாஸா என்று. அடுத்தவர்களுக்கு எஸ்.பி.பி.யா ஜேசுதாஸா என்று. இன்றைய பிள்ளைகள் யுவனா சித் ஸ்ரீராமா என்று மல்லுக்கட்டுகிறார்கள்.

வெட்டிப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பின்னணிப் பாடகர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியதில் பெரும்பகுதி 'தேன் குரல்', 'காந்தக் குரல்' என்ற அளவோடு நின்றுபோனது. எந்தச் சொல்லில் குரல் உடைகிறது, எங்கே மூச்சைப் பிடித்து நிறுத்துகிறார் என்றெல்லாம் காது கொடுத்துக் கேட்டுச் சொன்னவர்கள் ரசிகர்கள்தான். எண்பதுகளில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் பிடிக்கும். ஜேசுதாஸில் ஒன்றைச் சேர்த்தால் எஸ்.பி.பி.யில் ஒன்றை அடிக்க வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டர் முன்னால் அவர்கள் தயங்கிய தயக்கம் உருப்படியான திறனாய்வு.

சிக்கல், தீர்ப்பு சொல்லும் இடத்தில் வருகிறது. மெட்டுக்கும் வரிக்கும் வாத்தியத்துக்கும் சேர வேண்டிய பங்கையெல்லாம் தொண்டைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

'ஒரு தலை ராகம்' (1980) இதைச் சோதித்துப் பார்க்க வாகான படம். பாட்டெழுதி மெட்டமைத்தவர் டி.ராஜேந்தர் ஒருவரே. காதல் கைகூடாமல் புழுங்கும் கல்லூரி மாணவன் கதை. அந்தச் சோகத்தை டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., ஜெயச்சந்திரன் என்று மூன்று பேர் பங்குபோட்டுப் பாடியிருக்கிறார்கள். டி.எம்.எஸ். கதறுவார், எஸ்.பி.பி. உருகுவார், ஜெயச்சந்திரன் தனக்குள்ளேயே புலம்புவார் என்பது ரசிகர் வாக்கு. தப்பில்லை. ஆனால் கூர்ந்து கேளுங்கள். டி.எம்.எஸ். பாடிய 'நானொரு ராசியில்லா ராஜா' மெட்டே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்குக் கேட்கச் சொல்லும் தோரணையில் இருக்கிறது, அதை எஸ்.பி.பி.யிடம் கொடுத்திருந்தாலும் உரக்கத்தான் பாடியிருப்பார். எஸ்.பி.பி. பாடிய 'இது குழந்தை பாடும் தாலாட்டு' நீளமாக இழுத்து, ஏங்கி இறங்கும் மெட்டு. அதில் கதற இடமே கிடையாது. யாரைக் கதற விடுவது, யாரை உருக விடுவது என்பதை இசையமைப்பாளர் முன்கூட்டியே பிரித்துவிட்டார். 55 வயதைத் தாண்டிய டி.எம்.எஸ்.ஸின் கனத்த குரல் கல்லூரிப் பையனின் முகத்தில் ஒட்டாமல் நிற்கிறது. ஒட்டாமல் நிற்பதே 'ராசியில்லா ராஜா'வுக்கு ஒரு வயதான விரக்தியைக் கொடுத்துவிடுகிறது என்பது என் கட்சி. (டி.எம்.எஸ். ரசிகர்கள் இதற்கு என்னை மன்னிக்க மாட்டார்கள்.)

யுவன் விவகாரம் இன்னும் சுவாரசியம். சித் ஸ்ரீராம் கர்நாடக சங்கீதம் பயின்றவர். கமகம் புரண்டு வரும். உச்சரிப்பு பற்றி எழும் குறைகளில் பாதிக்குமேல் நியாயமும் இருக்கிறது. யுவன் குரலில் அந்தப் பயிற்சியின் பளபளப்பு இல்லை. சுருதியை ஒட்டியும் ஒட்டாமலும் போகும். "அதுதான்யா உண்மையான வலி" என்று அவருடைய ரசிகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். துக்கத்துக்கு மெருகு ஆகாது என்ற அந்த உள்ளுணர்வை நானும் ஏற்கிறேன். ஆனால் 'தீபாவளி' (2007) படத்தின் 'போகாதே' பாட்டில் யுவன் வெறும் பாடகர் அல்லர். தன் குரல் எங்கே தாங்கும், எங்கே கிழியும் என்று தெரிந்தவர் தனக்காகவே போட்டுக்கொண்ட மெட்டு அது. சித் ஸ்ரீராமோ பெரும்பாலும் அடுத்தவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இருவரையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

இதைவிட மோசமானது, பாடியவரின் வாழ்க்கையைப் பாட்டுக்குள் தேடுவது. ஸ்வர்ணலதா 2010-ல் 37 வயதில் இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய குரலில் எப்போதுமே ஒரு சாவின் நிழல் இருந்தது என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 'தளபதி' (1991) படத்தில் எஸ்.பி.பி.யோடு 'ராக்கம்மா கையத் தட்டு' என்று கொண்டாட்டமாகப் பாடியதும் அதே குரல்தான். பின்னணிப் பாடகர் இன்னொருவருடைய துக்கத்தைக் கூலிக்குப் பாடிவிட்டு, அன்று மாலையே இன்னொரு ஸ்டூடியோவில் குத்துப்பாட்டும் பாடக்கூடியவர். சொந்தச் சோகம்தான் குரலாக வந்தது என்பது அவருடைய தொழில்திறனைக் குறைத்துப் பேசுவது.

அதிலும் ஒரு வேடிக்கை. வாழ்க்கையைச் சொல்லி உச்சுக்கொட்டும்போது ஸ்வர்ணலதா வருகிறார். யார் பெரிய சோகப் பாடகர் என்ற போட்டி தொடங்கியதும் காணாமல் போகிறார். சுசீலாவுக்கும் ஜானகிக்கும்கூட அங்கே பேருக்குத்தான் இடம். காதலில் தோற்பது ஆண்களின் ஏகபோகம் போலிருக்கிறது! உண்மையில் தொண்டையின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் இருக்கும் நல்ல சான்றுகளில் ஒன்று ஸ்வர்ணலதா பாடியது. 'கருத்தம்மா' (1994) படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'போறாளே பொன்னுத்தாயி' இரண்டு தடவை வருகிறது. உன்னிமேனனும் சுஜாதாவும் பாடியது குதூகலம். அதே மெட்டை ஸ்வர்ணலதா தனியாகப் பாடியது துயரம். தேசிய விருது வாங்கிக் கொடுத்தது இந்த இரண்டாவது. நடையும் வாத்தியமும் மாறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பொதுவாக இருக்கும் மெட்டைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, அடிவயிற்றிலிருந்து எழும்பிப் பாதியில் வற்றிப்போகும் அந்தக் குரல் தனக்குரிய பங்கைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. டி.எம்.எஸ்.ஸா எஸ்.பி.பி.யா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு வரட்டும்.