ஒட்டாத கட்டு: எது பலன், எது வீண்?

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து கட்டப் போகிறவர்கள் காயத்தைவிடக் கட்டு அவிழ்ப்பதற்கே அதிகம் பயப்படுவார்கள். காய்ந்துபோன கோஸ் துணியை இழுத்தால், அதன் நூலோடு பின்னிக்கொண்ட இளந்தோலும் பிய்ந்து வரும். ஆறத் தொடங்கிய இடத்தில் மறுபடி இரத்தம் கசியும். அந்த வலிக்குப் பயந்தே அடுத்த தடவை வராதவர்கள் உண்டு. கேகாலை ரப்பர் மலையில் பால் வெட்டும் கத்தி பட்ட விரல், இரத்தினபுரித் தேயிலையில் கவ்வாத்துக் கத்தி இறங்கிய கால், அட்டைக்கடியைச் சொறிந்து வந்த புண், சீனி வருத்தக்காரரின் ஆறாத பாதம், எல்லாவற்றுக்கும் இதே பாடுதான்.

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. சினிமாவுக்குப் பேர்போன லூமியேர் சகோதரர்களில் மூத்தவரான ஒகுஸ்த், முதல் உலகப் போர்க் காலத்திலேயே பாரஃபின் தோய்த்த வலைத்துணியைக் காயங்களுக்குக் கட்டினார். வலையின் கண் வழியே கசிவு மேல் பஞ்சுக்குப் போய்விடும். துணி புண்ணில் ஒட்டாது. 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வு, ஈரம் காக்கப்பட்ட காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டியது. காயம் காய்ந்தால்தான் ஆறும் என்ற எண்ணத்தை நாம் இன்னும் விடவில்லை.

சிக்கல், அந்த வலையில் கிருமிக்கொல்லி சேரும்போது தொடங்குகிறது. ஃப்ரமைசெட்டின், குளோர்ஹெக்சிடின், போவிடோன் அயடின், வெள்ளி என்று வகைகள் உள்ளன. மண் ஏறிய காயத்துக்கும் சீழ் பிடிக்கும் புண்ணுக்கும் சில நாள் இவற்றைக் கட்டுவதில் நியாயம் உண்டு. எல்லாப் புண்ணுக்கும் வாரக்கணக்கில் கட்டுவதில் இல்லை. நாளங்களில் இரத்தம் தேங்கிக் காலில் வரும் புண்களில் வெள்ளிக் கட்டையும் வெறும் ஒட்டாக் கட்டையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 12 வாரத்தில் ஆறியவர்களின் விகிதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழுவின் 2023 வழிகாட்டல், புண் ஆறுவதற்காகக் கிருமிக்கொல்லிக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. ஃப்ரமைசெட்டின் ஓர் அன்டிபயோட்டிக். சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், கண்டபடி கட்டினால் கிருமியும் அதற்குப் பழகிவிடும்.

ஒட்டாத கட்டுக்கும் குறை உண்டு. மாற்றாமல் விட்டால் பாரஃபின் வலையும் காய்ந்து ஒட்டும். இரத்தினபுரி மழையிலோ மேல் கட்டு நனைந்து, சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிவிடும். ஆகவே சில நாளுக்கொரு தடவை அவிழ்த்துக் கழுவிக் கட்டியாக வேண்டும். அங்கேதான் தோட்டத்தில் எல்லாம் தடுமாறுகிறது. கட்டு மாற்றப் போனால் அன்றைய நாட்சம்பளப் பேர் போகும், அல்லது அரைப் பேர்தான் விழும். அதனால் கட்டுடனேயே மழையில் மலைக்கு ஏறுகிறார்கள். எந்த வெள்ளியும் அந்த ஈரத்துக்கு ஈடுகொடுக்காது.

ஒட்டாத கட்டுக்கு விலைதான் தடை என்பதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. மும்பையில் மருத்துவர் மாதுரி கோரேயும் அவரது குழுவினரும் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீப்புண்ணுக்கும், ஒட்டுத்தோல் எடுத்த இடத்துக்கும் கட்டிப் பார்த்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வசலின் தடவிய கோஸை எடுக்கும்போது வரும் அளவு வலி இலையை எடுக்கும்போது வரவில்லை. முறையாகக் கிருமி நீக்கப்பட்ட இலை அது. கொல்லையில் பறித்ததை அப்படியே புண்ணில் வைக்கக் கூடாது.

தோட்ட நிர்வாகங்கள் முதலில் செய்ய வேண்டியவை: டிஸ்பென்சரியில் வெறும் பாரஃபின் வலை தீராமல் இருக்கட்டும், காயம் கழுவச் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும், மருந்து கட்டும் நாளுக்கு முழுப் பேர் போடட்டும். கிருமிக்கொல்லிக் கட்டு அலுமாரியில் கொஞ்சம் இருந்தால் போதும்.